ஆலம் சிவக்காதபோது: நிறங்காட்டிகள் குழப்பும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

போன தை மாதம் ரங்கூனில் எங்கள் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்கிறார்கள். பெரியம்மா தட்டில் மஞ்சள்தூளைக் கரைத்து, கையிலிருந்த பொட்டலத்துச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்குகிறார். கலக்கக் கலக்க ஆலம் மஞ்சளாகவே நிற்கிறது. "சிவக்க மாட்டேங்குதே" என்று அவர் முகம் வாடிவிட்டது. நான் எதிரே இருந்த கூன்யா (வெற்றிலைப் பீடா) கடைக்கு ஓடினேன். வெற்றிலை மடிக்கும் அமாவிடம் கேட்டு, டப்பாவின் அடியில் ஈரமாக இருந்த சுண்ணாம்பை விரல் நுனியளவு வாங்கி வந்தேன். அது தட்டில் பட்ட இடத்திலிருந்து சிவப்பு, புகை மாதிரி சுருண்டு பரவியது.

மஞ்சளில் எந்தக் குறையும் இல்லை. பொட்டலத்துச் சுண்ணாம்பு பல மாதம் காற்றில் கிடந்து, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, வெறும் சுண்ணக்கல் தூளாக மாறியிருந்தது. சுண்ணக்கல் தண்ணீரில் கரைவதே அரிது. அதனால் காரம் போதவில்லை, மஞ்சள் மாறவில்லை.

சனி, ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். அவர்கள் கொண்டுவரும் புகார்களில் முக்கால்வாசி இந்த வகைதான். "டீச்சர், காட்டி வேலை செய்யலை" என்பார்கள். காட்டி என்றால் மஞ்சளைப் போல, அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டும் சாயம். காட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று கிண்ணம்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். மூன்று வெள்ளைக் கிண்ணங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, பிஎச் ஏறக்குறைய 2 முதல் 2.5. (பிஎச் என்பது அமில, கார அளவு: 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம், கூடக் கூடக் காரம்.) நடுவில் காய்ச்சி வடித்த நீர். மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீர். புதுச் சுண்ணாம்பாக இருந்தால் 12.4 வரை இருக்கும். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே அந்தக் கிண்ணத்தைச் சிறுபிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

உங்கள் காட்டி முதல் கிண்ணத்திலும் மூன்றாவதிலும் வெவ்வேறு நிறம் காட்டினால் அது உயிரோடு இருக்கிறது. சோதிக்கும் பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டிலும் ஒரே நிறம் என்றால் காட்டி கெட்டுவிட்டது. இந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டு அரைநாள் தேடிய அனுபவம் எனக்கே உண்டு.

சிவப்பு லிட்மஸும் மாறவில்லை, நீல லிட்மஸும் மாறவில்லை

மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்த தண்ணீரைச் சோதிக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வது இது. லிட்மஸ் முழுச் சிவப்பாக பிஎச் 4.5-க்குக் கீழே போக வேண்டும்; முழு நீலமாக 8.3-க்கு மேலே போக வேண்டும். இடையில் இருக்கும் எல்லாமே அதற்கு ஊதாச் சாயல்கள்தான். மழைநீர், குழாய்நீர், பால், இளநீர் எல்லாம் இந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தாள் மாறாதது ஒரு பதில்தான்: கடும் அமிலமும் இல்லை, கடும் காரமும் இல்லை.

அதற்குமேல் தெரியவேண்டும் என்றால் வேறு இரண்டு காட்டிகளைச் சேர்த்துப் பிடியுங்கள். மழைநீரில் மெத்தில் ஆரஞ்சு விட்டால் மஞ்சள் வரும். புரோமோதைமால் நீலம் விட்டாலும் மஞ்சள்தான் வரும். ஒரு மாணவி இரண்டு குழாய்களையும் தூக்கிக் காட்டி, "இரண்டும் மஞ்சள், ஆனா புத்தகத்தில் ஒன்றுக்கு மஞ்சள்னா காரம், இன்னொன்றுக்கு மஞ்சள்னா அமிலம்னு போட்டிருக்கே" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் சிவப்பு, 4.4-இல் மஞ்சள். ஆகவே அதன் மஞ்சள் சொல்வது "4.4-க்கு மேல்" என்பதை மட்டும். புரோமோதைமால் நீலம் 6.0-இல் மஞ்சள், 7.6-இல் நீலம். அதன் மஞ்சள் சொல்வது "6-க்குக் கீழ்". இரண்டையும் சேர்த்துப் படித்தால் மழைநீர் 4.4-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மட்டுமே கரைந்த சுத்தமான நீர் 5.6 அளவில் நிற்கும். கணக்கு ஒத்துப்போகிறது.

எந்தக் காட்டியும் "அமிலம்", "காரம்" என்று தீர்ப்பு சொல்வதில்லை. தனக்கென்று ஓர் எல்லைக்கோடு வைத்துக்கொண்டு, நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்கிறது. அந்தக் கோடு எங்கே என்று தெரியாமல் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை.

காய்ச்சி வடித்த நீர் 7 காட்டவில்லை

காட்டவே காட்டாது, மூடியைத் திறந்து வைத்திருந்தால். மேலே சொன்ன அதே காரணம்தான். சந்தேகம் இருந்தால் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, உடனே புரோமோதைமால் நீலம் இரண்டு சொட்டு விடுங்கள். பச்சைக்குப் பக்கத்தில் வரும். பிறகு ஓர் உறிஞ்சுகுழாயால் அதற்குள் மூச்சை ஊதுங்கள். கண்முன்னே மஞ்சளாகும். உறிஞ்சிவிடாமல் ஊத மட்டும் வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதே நீரில் பிஎச் தாளை முக்கினால் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண் வரும். உப்புகள் ஏதுமில்லாத நீருக்குத் தன் நிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பலம் கிடையாது. தாளில் இருக்கும் சாயமே அதைக் கொஞ்சம் இழுத்துவிடும். நிறம் நிதானத்துக்கு வரச் சில நிமிடம்கூட ஆகலாம். மழைநீருக்கும் இது பொருந்தும்.

சங்குப்பூ எல்லாவற்றுக்கும் நீலமே காட்டுகிறது

சங்குப்பூச் சாறு அழகானது, மலிவானது. ஆனால் மென்மையான வித்தியாசங்கள் அதற்குத் தெரியாது. பிஎச் 2 பக்கம் இளஞ்சிவப்பு, 3, 4-இல் ஊதா, அதற்கப்புறம் 7 வரை நீலம், 8-க்கு மேல் மெல்லப் பச்சை, 12-ஐத் தாண்டினால் மஞ்சள். மழைநீர், கிணற்றுநீர், பால் எல்லாவற்றுக்கும் நீலம் வருவது அதன் இயல்பு. எலுமிச்சை, வினிகர், சோப்பு, சுண்ணாம்பு என்று விலகி நிற்கும் பொருள்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூவின் சாறு நிறம் மாறுவதைக் கவனித்து, அதையே சோதனையாகப் பயன்படுத்தலாம் என்று 1664-இல் எழுதியவர் ராபர்ட் பாயில். அவர் எடுத்தது வயலட் பூவின் பாகு. நம் வேலியில் படரும் கொடியும் அதே வகைச் சாயத்தைத்தான் வைத்திருக்கிறது.

சாறு எடுக்கும்போது காய்ந்த பூ பத்துக்கு அரை டம்ளர் வெந்நீர் போதும். அதிகம் கொதித்தால் நிறம் மங்கும். ரங்கூன் வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் புளித்துப்போகும். புளித்த சாறு தானே அமிலமாகிவிட்டது, ஆகவே அது காட்டும் நிறத்தை நம்பக்கூடாது. நான் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்கிறேன்.

சின்பவுங் பூச்சாறு ஊற்றினால் எல்லாமே அமிலம் என்கிறது

புளிச்சகீரையை இங்கே சின்பவுங் என்றால்தான் சந்தையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் சிவந்த புல்லிகளைக் காய்ச்சிய சாறு பார்க்க அருமையான காட்டி. ஆனால் ஒரு சிக்கல்: அந்தச் சாறே நல்ல புளிப்பு. பிஎச் 2.5 பக்கம் இருக்கும். அதை ஒரு கரண்டி மழைநீரில் ஊற்றினால் நீங்கள் அளப்பது மழைநீரை அல்ல, சின்பவுங் சாற்றை.

இதற்கு வழி, சாற்றை ஊற்றாமல் தாளாக்கிக்கொள்வது. காபி வடிகட்டும் வெள்ளைத் தாளைச் சாற்றில் தோய்த்து, நிழலில் காயவைத்து, நறுக்கி, ஒரு சிறு துண்டில் சோதிக்கும் திரவத்தை நான்கைந்து சொட்டு தாராளமாக விடுங்கள். சாறு குறைவு, திரவம் அதிகம் என்ற நிலை வர வேண்டும். அப்போதும் மழைநீரை இதில் சோதிக்காதீர்கள். சோப்புநீருக்கும் ஆப்பசோடாவுக்கும் நன்றாகப் பேசும்.

பூச்சாறு மஞ்சளாகிவிட்டது, வினிகர் ஊற்றினாலும் திரும்பவில்லை

சுண்ணாம்போ சலவைச் சோடாவோ அதிகமாகிவிட்டது. கடும் காரத்தில் பூவின் சாயம் முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, அந்த நிலையில் கொஞ்ச நேரம் கிடந்தால் உடைந்தேபோகும். உடைந்தது சேராது. புதுச் சாறு எடுங்கள். அடுத்த தடவை பச்சை வந்ததும் நிறுத்துங்கள்.

நிறம் வந்தது, அப்புறம் மறைந்துவிட்டது

இதற்கு மூன்று காரணங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும்.

காரத்தில் மட்டும் சிவக்கும், மற்றபடி நிறமில்லாத காட்டி பினாப்தலீன். சுண்ணாம்பு நீரில் அதை விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பு. அகலமான கிண்ணத்தில் திறந்து வைத்தால் மேலே மெல்லிய வெள்ளைப் படலம் பிடிக்கும், நாள் போகப்போக நிறம் வெளிறும். பெரியம்மாவின் பொட்டலத்துக்கு நேர்ந்ததேதான் இதற்கும் நேர்கிறது. காற்று காரத்தைச் சாப்பிட்டுவிட்டது. புதுச் சுண்ணாம்பு நீர் சில சொட்டு விட்டால் நிறம் திரும்பும்.

எரிசோடா மாதிரி மிகக் கடுமையான காரத்தில் பினாப்தலீன் ஒரு நொடி சிவந்து, பிறகு நிறமே இல்லாமல் போகும். பிஎச் 13-ஐத் தாண்டினால் அப்படி. பார்ப்பவர்கள் "காரமே இல்லை" என்று எண்ணிக் கையை விட்டுவிடக்கூடும், அதுதான் பயம். இங்கே சோதனை எளிது: திரவத்தில் ஒரு சொட்டெடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்கி, மறுபடி பினாப்தலீன் விடுங்கள். சிவப்பு திரும்பினால் முதல் திரவம் மிகக் கடுமையானது. குழாய் அடைப்பு நீக்கும் தூள்களில் எரிசோடா உண்டு, பெரியவர்கள் மட்டும், கையுறையோடு.

மூன்றாவது, துணி வெளுக்கும் பிளீச். லிட்மஸ் தாளை முக்கினால் கண்ணிமைக்கும் நேரம் நீலம், பிறகு வெள்ளை. அது சாயத்தையே அழித்துவிடும். எதைச் சேர்த்தாலும் திரும்பாது. முதல் கணத்தில் பார்த்த நீலம்தான் உண்மையான விடை. நிறத்தைத் திருப்புகிறேன் என்று பிளீச்சில் எலுமிச்சையோ வினிகரோ கழிப்பறை அமிலமோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

மஞ்சள் தாள் சோடாவுக்குச் சிவக்கவில்லை, சுண்ணாம்புக்குச் சிவக்கிறது

ஆப்பசோடா மிக மென்மையான காரம், பிஎச் 8.3 பக்கம். மஞ்சள்தூளின் சாயம் ஏற்றிய தாள் 7.4-இல் மாறத் தொடங்கி 8.6-இல்தான் முழுச் செம்மை அடைகிறது. ஆகவே சோடாவுக்கு ஒரு செம்மஞ்சள் வந்தால் அதுவே சரியான விடை. பினாப்தலீன் 8.3-இல்தான் கண் திறக்கிறது, அதனால் சோடாவில் அது நிறமில்லாமலோ லேசாக ரோஜா நிறம் தட்டியோ இருக்கும். "மஞ்சள் காரம் என்கிறது, பினாப்தலீன் இல்லை என்கிறது, எதை நம்புவது?" என்றால், இரண்டையும் நம்புங்கள். இரண்டும் சேர்ந்து இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சோடாக் கரைசலைப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். குமிழி குமிழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சோடா, சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும். ஆறியபின் அதே பினாப்தலீனை விட்டால் தெளிவான இளஞ்சிவப்பு. மஞ்சள் தாளும் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஒன்றும் சேர்க்காமல், வெறும் சூட்டினால் பிஎச் ஏறியது என்று காட்டும்போது பிள்ளைகள் கிண்ணத்தின்மேல் குனிந்து நிற்பார்கள்.

மஞ்சள் தாள் எதற்குமே சிவக்கவில்லை என்றால் தயாரித்த விதத்தைப் பாருங்கள். மஞ்சளின் சாயம் தண்ணீரில் கரையாது. வெந்நீரில் கரைத்துத் தோய்த்த தாளில் தூள் ஒட்டியிருக்கும், சாயம் இறங்கியிருக்காது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகைத் தூளை ஊறவைத்து, தெளிந்த மேல்நீரில் தோய்த்தால் சீரான மஞ்சள் வரும். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். காயவைப்பது நிழலில், வெயில் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும்.

அமிலம் பட்ட தாள் காய்ந்தபின் சிவந்து நிற்கிறதா? போரிக் அமிலமோ வெண்காரமோ கலந்திருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து காயும்போது அவற்றிலுள்ள போரான் மஞ்சளைச் சிவப்பாக்கும்; அதன்மேல் காரம் பட்டால் கரும்பச்சைக்குப் போகும். சாதாரணக் காரச் சிவப்பு அமிலத்தில் உடனே மஞ்சளாகிவிடும், இது ஆகாது. கேரம் ஆட்டத்துக்குப் போடும் தூள் பெரும்பாலும் போரிக் அமிலமே. ஆடிவிட்டு வந்த கையோடு தாளைத் தொடாதீர்கள்.

புதுப் பெட்டி லிட்மஸ் பிரிக்கும்போதே நிறம் மாறியிருக்கிறது

வைத்த இடம் சரியில்லை. இங்கே மே மாதம் நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் தாள் காற்றிலுள்ள எதையும் வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நீல லிட்மஸ் கட்டைக் குளியலறைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேன். கழிப்பறை கழுவும் அமிலத்தின் ஆவி ஏறி, கட்டின் ஓரமெல்லாம் ரோஜா நிறம், நடுவில் மட்டும் நீலம்! மொத்தக் கட்டையும் எறிய வேண்டியதாயிற்று. இப்போது பால்மாவு டின்னில், மருந்துப் பாட்டிலில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளோடு போட்டு இறுக மூடிவைக்கிறேன்.

தாளில் விரல் ரேகை மாதிரி சிவப்புத் திட்டு இருந்தால் அது உங்கள் வியர்வை. தோல் லேசான அமிலம். இடுக்கியால் எடுங்கள்.

எண்ணெயில், சலவைத்தூளில் நிறமே வரவில்லை

தண்ணீர் இல்லாத இடத்தில் பிஎச் என்ற பேச்சே இல்லை. தாளை முதலில் வடித்த நீரில் நனைத்துவிட்டுத் தூளைத் தொடுங்கள். எண்ணெயை அளக்க முயல வேண்டாம்.

தேநீர், ஙாப்பி (புளிக்கவைத்த மீன்விழுது) கரைத்த தண்ணீர் போன்ற நிறமுள்ளவை

திரவத்தின் நிறம் தாளின் நிறத்தை மூடிவிடும். தாளை முழுக்க முக்காமல் ஒரு நுனியை மட்டும் தொடவிடுங்கள். ஈரம் மேலே ஏறும்போது முன்னால் போகும் ஓரத்தைப் பாருங்கள். பல சமயம் அங்கே தண்ணீர் மட்டும் ஓடி, நிறம் பின்தங்கும். லபெட் ஊறுகாய்த் தேயிலையைப் பிழிந்த நீரை இப்படிப் பார்த்தால் அமிலம் தெளிவாகத் தெரியும். நொதித்த பொருள் அல்லவா.

அதுவும் போதவில்லை என்றால் வடித்த நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். பிஎச் அளவை 1909-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தபோதே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வைத்தார். ஆகவே பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் அதிகபட்சம் ஓர் எண்தான் 7-ஐ நோக்கி நகரும். உணவுப் பொருள்களில் அதைவிடக் குறைவாகவே நகரும்.

ஙாப்பித் தண்ணீர், மீன்சாறு இரண்டுக்கும் கூடுதல் எச்சரிக்கை. உப்பும் புரதமும் நிறைந்திருப்பதால் சாயம் தன் எல்லைக்கோட்டையே கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளும். தாளில் 6 என்று தெரிந்தால் "6 பக்கம்" என்று எழுதுங்கள். புள்ளிவைத்த எண் வேண்டுமானால் மின்முனைக் கருவிதான் வழி.

ஆழ்துளைக் கிணற்றுநீர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

அடி ஆழத்திலிருந்து வரும் நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்திருக்கும். இறைத்தவுடன் அளந்தால் பிஎச் குறைவு. வாளியில் நின்றால் வாயு பறந்து எண் ஏறும். இரண்டும் பிழை இல்லை. எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

ஒரே தாள், இருவருக்கு இரண்டு நிறம்

முதலில் வெளிச்சம். கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தியில் பார்த்தால் நீலம் கறுத்துத் தெரியும், செல்போன் விளக்கில் மஞ்சள் வெளிறும். சன்னல் ஓரத்தில், பகலில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். பிறகு நேரம். பெட்டியில் போட்டிருக்கும் விநாடிக்குள் படிக்க வேண்டும். காய்ந்த தாளின் நிறம் கணக்கில் சேராது.

வெளிச்சமும் நேரமும் சரியாக இருந்தும் ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப மாற்றிச் சொன்னால் அதட்டாதீர்கள். என்னிடம் வரும் ஒரு பையன் மஞ்சள் தாள் சிவந்ததை ஒருநாளும் சொன்னதில்லை. கவனமில்லை என்று முதலில் நானும் கடிந்துகொண்டேன். பிறகு பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னபோதுதான் புரிந்தது: அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. அன்றிலிருந்து அவனுக்குப் புரோமோதைமால் நீலம் கொடுக்கிறேன். மஞ்சளா நீலமா என்பதை எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறான்.